பாட்டில் பிறந்த ஊழியம் - தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளும்

தமிழ்நாட்டில் எந்த ஊர் சி.எஸ்.ஐ. ஆலயத்திற்கோ லுத்தரன் ஆலயத்திற்கோ ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். போதகர் கீர்த்தனையின் எண்ணைச் சொல்வார். இளைஞர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, பின்வரிசையில் இருக்கும் வயதான அம்மா புத்தகம் இல்லாமலேயே பல்லவியை எடுத்துவிடுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாமல்கூட இருக்கலாம். ஆனால் நான்கு சரணமும் மனப்பாடம். சிறு வயதில் மடியில் உட்கார்ந்து கேட்ட பாட்டு அது.

அந்தப் பாட்டை எழுதியது யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் விடை ஒன்றுதான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். இவர் பெயரை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருக்கலாம், இவர் பாட்டைப் பாடாத தமிழ்க் கிறிஸ்தவர்கள் மிகக் குறைவு!

(மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு. அவர் 1826 முதல் 1889 வரை வாழ்ந்த கத்தோலிக்கர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்ற முதல் தமிழ் நாவலை எழுதியவர். இரண்டு பேரும் கீர்த்தனை எழுதியதால் பலர் இருவரையும் ஒருவராக நினைத்துக் குழப்பிக்கொள்வதுண்டு.)

ஒரு பாட்டு ஓர் இளைஞனை எப்படி விசுவாசியாகவும் ஊழியனாகவும் ஆக்குகிறது, அதே பாட்டால் எதைச் செய்ய முடியாமல் போகிறது என்பதற்கு இவருடைய வாழ்க்கை ஒரு நல்ல சான்று.

ஞானப்பாட்டுகளின் காலம்

1706 ஜூலை மாதம் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். இந்தியாவில் சீர்திருத்தச் சபை மிஷன் வேலை அங்கேதான் தொடங்கியது. சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பாட்டு இல்லாமல் ஜெபம் கிடையாது. எனவே தாங்கள் ஊரில் பாடிய ஜெர்மன் பாட்டுகளையே தமிழில் மொழிபெயர்த்து, அதே ஜெர்மன் ராகத்தில் பாடவைத்தார்கள். இவற்றுக்கு 'ஞானப்பாட்டு' என்று பெயர். 18ம் நூற்றாண்டில் ஃபப்ரிசியுஸ் ஐயர் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் இன்றும் லுத்தரன் சபைகளில் பாடப்படுகின்றன.

ஞானப்பாட்டுகளின் கருத்து ஆழமானது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஜெர்மன் மொழி அசை அழுத்தத்தை வைத்து ஓடுகிறது. தமிழ் குறில், நெடிலை வைத்து ஓடுகிறது. ஜெர்மன் ராகத்தில் நீட்டவேண்டிய இடத்தில் தமிழில் குறில் வந்து நிற்கும். சொல் பாதியில் உடையும். பழகினால் பாடலாம். ஆனால் வயலிலும் கிணற்றடியிலும் தானாக வாயில் வருகிற பாட்டாக அது ஆவது கடினம். எதுகை, மோனை, சந்தம் இவற்றைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது கொஞ்சம் அந்நியமாகவே இருந்தது.

பாளையங்கோட்டைப் பையன்

வேதநாயகம் 1774 செப்டம்பர் 7 அன்று திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தை சைவ வேளாளர் குடும்பத்தில் அருணாசலம் என்ற பெயரில் பிறந்தவர். முதலில் கத்தோலிக்கராகித் தேவசகாயம் என்ற பெயர் பெற்றார். பின்னர் சீர்திருத்தச் சபைக்கு வந்தார். தமிழ்ப் புலமையுள்ள வீடு.

1785ல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயம் பிரதிஷ்டையான ஆண்டு அது. சுவார்ட்ஸ் அப்போது தென்னிந்தியா முழுவதும் அறிந்த மனிதர். 1750ல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்தவர். ஹைதர் அலியிடம் கம்பெனி தூது அனுப்பியதும் இவரைத்தான். அவர் இந்தப் பையனின் அறிவைக் கண்டு, தந்தையின் சம்மதத்தோடு தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். பதினொன்று, பன்னிரண்டு வயதுதான் இருக்கும்.

தஞ்சையில் அவர் சுவார்ட்ஸின் பிள்ளையைப் போலவே வளர்ந்தார். அதே காலத்தில் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் இன்னொரு பையனும் வளர்ந்துகொண்டிருந்தான். அவன் பெயர் சரபோஜி. 1787ல் துளஜா மன்னர் இறக்கும்போது தன் தத்துப்பிள்ளையைச் சுவார்ட்ஸின் கையில் ஒப்படைத்திருந்தார். ஒருவர் பின்னாளில் மன்னர், மற்றவர் கவிஞர். இருவருக்கும் குரு ஒருவரே.

பிறகு வேதநாயகம் சில காலம் தரங்கம்பாடியில் படித்தார். அங்கிருந்த ஜான் ஐயரும் ராட்லர் ஐயரும் வேதம் மட்டும் அறிந்தவர்கள் அல்ல. செடி கொடி, சிப்பி, மீன் என்று ஆராய்ந்து ஐரோப்பாவுக்கு எழுதிக்கொண்டிருந்த இயற்கை அறிஞர்கள். வான சாஸ்திரம், பூகோளம், உடற்கூறு என்று அன்றைய ஐரோப்பியக் கல்வி முழுவதும் அந்தத் தமிழ் இளைஞனுக்குத் திறந்தது. ஆனால் அவருடைய காதில் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு சத்தம்.

தஞ்சாவூரின் காற்று

அந்தச் சத்தம் என்ன என்று தெரிய, அந்தக் காலத்துத் தஞ்சையைப் பார்க்கவேண்டும். சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் என்ற மும்மூர்த்திகளும் இவர் காலத்தவர்கள். தியாகராஜர் இவரைவிட 7 வயது மூத்தவர். திருவையாறு தஞ்சைக்குப் பக்கம்தான். சற்று முன்பு சீர்காழி அருணாசலக் கவிராயர் இராமாயணத்தையே கீர்த்தனைகளாகப் பாடியிருந்தார். குற்றாலக் குறவஞ்சி புகழ் பெற்றிருந்தது. கோயிலில் குறவஞ்சி நாடகம், தெருவில் நொண்டி நாடகம், வீட்டு வாசலில் கும்மி, கோலாட்டம்!

இத்தனையும் கேட்டு வளர்ந்த இளைஞன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜெர்மன் ராகத்தில் பாடவேண்டும். சுவார்ட்ஸ் அவருடைய கவித்திறமையைத் தடுக்கவில்லை, ஊக்கப்படுத்தினார்.

19 வயதில் வேதநாயகம் தஞ்சை மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியரானார். உபதேசியார்களும் ஆசிரியர்களும் பயிற்சி பெறும் பள்ளி அது. அங்குதான் அவருடைய உண்மையான ஊழியம் தொடங்கியது. வேதபாடத்தைப் பாட்டாக எழுதினார். எழுதியதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். காலை ஜெபத்திற்கு, மாலை ஜெபத்திற்கு, பண்டிகைக்கு, கல்யாணத்திற்கு, சாவு வீட்டிற்கு என்று ஒவ்வொன்றுக்கும் பாட்டு. அன்றாட ஜெபத்திற்காக இவர் எழுதிய 'ஜெபமாலை' குடும்ப ஜெபங்களில் பாடப்பட்டது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அச்சுப் புத்தகம் அரிது. கிராமச் சபையில் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பள்ளியை முடித்த இளம் உபதேசியார் ஒரு கிராமத்திற்குப் போகும்போது அவன் கையில் ஒரு வேதபுத்தகம் இருக்கும். ஆனால் சபைக்கு அவன் உடனே கொடுக்கக்கூடியது அவன் வாயில் இருந்த பாட்டுதான். கீர்த்தனையின் அமைப்பும் அதற்கு வசதி. பல்லவியைக் கூட்டம் பிடித்துக்கொள்ளும். சரணத்தை உபதேசியார் பாடுவார். ஒவ்வொரு சரணமும் ஒரு வேதாகமச் சம்பவத்தைச் சொல்லும். திரும்பத் திரும்பப் பல்லவி. ஒரு மாலைப்பொழுதில் ஒரு பிரசங்கமே சபையின் மனதில் பதிந்துவிடும். அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுப்பதே பல இளைஞர்களின் முதல் ஊழியமாக இருந்தது.

பெத்லகேம் குறவஞ்சி

இவருடைய நூல்களில் மிகவும் புகழ் பெற்றது 'பெத்லகேம் குறவஞ்சி'. 1800ஐ ஒட்டி எழுதப்பட்டது. அப்போது அவருக்கு வயது சுமார் 25.

குறவஞ்சியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தலைவன் பவனி வருவான். தலைவி அவனைக் கண்டு காதல் கொள்வாள். குறத்தி வந்து தன் மலைவளம் சொல்லிக் கை பார்த்துக் குறி சொல்வாள். பிறகு குறவன் சிங்கன் தன் சிங்கியைத் தேடி வருவான். சாஸ்திரியார் இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். பவனி வருபவர் இயேசு கிறிஸ்து. தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறி சொல்லும் ஞானசிங்கி விசுவாசம். ஞானசிங்கன் குருமார். அவனுக்கு உதவும் நூவன் உபதேசியார்!

தன்னிடம் படிக்கும் உபதேசியார் மாணவர்களுக்கு இந்த நாடகத்தில் ஒரு பாத்திரத்தையே அவர் கொடுத்துவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இளைஞர்கள் நூவன் பாட்டைப் பாடும்போது தங்களுடைய வேலையைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். ஊழிய அழைப்பு என்பதை இதைவிட எளிதாக ஒரு மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

இன்னொரு சிறப்பும் உண்டு. குறத்தி தன் மலைவளத்தையும் நாட்டுவளத்தையும் சொல்லும் இடத்தில், தரங்கம்பாடியில் படித்த வான சாஸ்திரமும் உலகப் பூகோளமும் வந்துவிடுகின்றன. சூரியனைக் கிரகங்கள் சுற்றிவரும் கோப்பர்நிக்கஸ் கொள்கை தமிழ்க் குறவஞ்சியில் பாடப்பட்டிருக்கிறது. இதே முறையில் நொண்டி நாடகத்தை 'ஞான நொண்டி நாடகம்' ஆக்கினார். சகுனம், நாள் பார்த்தல் போன்ற நம்பிக்கைகளைக் கண்டித்துச் 'சாஸ்திரக் கும்மி' பாடினார். நோவாவின் பேழையை வைத்து 'ஞானத்தச்ச நாடகம்' எழுதினார்.

மன்னரும் நண்பரும்

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டில் சரபோஜி தஞ்சை அரியணை ஏறினார். தன் குருவின் நினைவாக லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனைக் கொண்டு மன்னர் செய்வித்த பளிங்குச் சிற்பம் இன்றும் தஞ்சை சுவார்ட்ஸ் ஆலயத்தில் இருக்கிறது.

மன்னர் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த அறிஞர். கலைகளின் ரசிகர். தன் பழைய தோழரின் பாட்டை விரும்பிக் கேட்டார். மன்னர் சைவக் கடவுளர் மீது ஒரு பாட்டு கேட்டதாகவும், சாஸ்திரியார் இரவெல்லாம் கலங்கி, மறுநாள் இயேசுவைத் துதிக்கும் ஒரு கீர்த்தனையைப் பாடிக் காட்டியதாகவும், மன்னர் அவருடைய உறுதியை மதித்ததாகவும் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அது எப்படியிருந்தாலும், இந்து மன்னர் ஒருவர் கிறிஸ்தவக் கவிஞரை அவருடைய விசுவாசத்தோடு சேர்த்தே ஆதரித்தார் என்பது வரலாறு. அந்த ஆதரவு சாஸ்திரியாருக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரு நாளும் வந்தது. அந்த நாளைக் கொண்டுவந்தது அவருடைய சொந்தச் சபைதான்.

1829: பாட்டும் சாதியும்

1820களில் தஞ்சைக்குப் புதிய மிஷனரிகள் வந்தார்கள். பழைய பழக்கங்கள் பலவற்றை மாற்ற நினைத்தார்கள். சாஸ்திரியார் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். நான்கு கொடுமைகள் என்று அவர் குற்றம் சாட்டியவை இவை: தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுவது, வெவ்வேறு சாதியாரைக் கட்டாயமாக ஒன்றாக உட்காரவைப்பது, கல்யாணத்திலும் பண்டிகையிலும் பூவைத் தடுப்பது, ஆராதனையில் தமிழ் இசையைத் தடுப்பது.

இந்தப் பட்டியலை இன்று படிக்கும்போது மனம் இரண்டாகப் பிரிகிறது. பூவுக்காகவும் பாட்டுக்காகவும் அவர் போராடியது நியாயம். ஒரு மனிதன் கிறிஸ்தவனாவதற்குத் தமிழனாக இருப்பதை விடவேண்டியதில்லை என்று அவர் சொன்னார். அது சரியான வாதம்.

ஆனால் அதே மூச்சில் அவர் சாதி வேறுபாட்டையும் காப்பாற்ற நின்றார். அப்போது தஞ்சை ஆலயத்தில் வேளாளரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் தனித்தனி இடத்தில் உட்கார்ந்தார்கள். திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முதலில் பருகுவது என்பதுகூடச் சாதிப்படிதான். இது நாட்டு வழக்கம், விசுவாசத்திற்குத் தடையல்ல என்பது சாஸ்திரியாரின் வாதம். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து, பின்னால் உட்கார்ந்து, பின்னால் பருகவேண்டியிருந்த ஓர் இளைஞனுக்கு அது வெறும் நாட்டு வழக்கமாக இருந்திருக்குமா? பூவையும் பாட்டையும் தடுத்தது அந்த மிஷனரிகளின் தவறு. சாதியைத் தடுத்தது அவர்களின் தவறல்ல. இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தது சாஸ்திரியாரின் தவறு. இதை மறைத்துவிட்டு அவருடைய சரித்திரத்தை எழுதுவது சரியாகாது.

இந்தச் சண்டையின் நடுவே, 1826 மார்ச் 26 ஈஸ்டர் ஞாயிறு அன்று, கல்கத்தா பிஷப் ஹீபர் தஞ்சையில் இருந்தார். அவரும் ஒரு பாட்டாசிரியர்! திரித்துவத்தைப் போற்றி அவர் எழுதிய ஆங்கிலப் பாட்டு இன்றும் உலகெங்கும் பாடப்படுகிறது. சாதிப் பிரச்சினையை விசாரித்து மெதுவாகத் தீர்க்கலாம் என்று அவர் நினைத்தார். ஆனால் ஏப்ரல் 3 அன்று திருச்சியில் குளிக்கும்போது திடீரென்று இறந்துபோனார். விசாரணை முடியவில்லை. 1833ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழியவேண்டும் என்று கட்டளை அனுப்பினார்.

அதற்கு முன்பே, 1829ல், சாஸ்திரியார் மிஷன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வயது 55. பன்னிரண்டு வயதில் வந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டதைப் போன்ற நிலை. அப்போது சரபோஜி மன்னர்தான் கைகொடுத்தார். அரசவையில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. ஆனால் அதுவும் நீடிக்கவில்லை. 1832ல் மன்னர் காலமானார். அதன்பின் சாஸ்திரியாருக்கு மிஞ்சியது அவருடைய பாட்டுதான். குடும்பத்தோடும் மாணவர்களோடும் ஊர் ஊராகச் சென்று, காலட்சேபம் போல வேதக்கதைகளைப் பாடினார்.

பாட்டு தப்பிப் பிழைத்த கதை

அடுத்த திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மதுரைப் பக்கத்தில் அமெரிக்கன் மிஷன் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் மிஷனரிகளில் ஒருவர் எட்வர்ட் வெப். ஆங்கிலப் பாட்டை மொழிபெயர்த்துப் பாடும்போது சபை உயிரில்லாமல் முணுமுணுப்பதையும், கீர்த்தனையைக் கேட்டால் அதே மக்கள் முகம் மலர்வதையும் அவர் கவனித்தார். தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி 1853ல் ஆராதனைக்கான புத்தகமாக அச்சிட்டார். அதில் பெரும் பகுதி வேதநாயகம் சாஸ்திரியாருடையது.

ஒரு மிஷன் தள்ளிவிட்டதை இன்னொரு மிஷன் எடுத்துக்கொண்டது! அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இப்போது அந்தப் பாட்டுகள் சாஸ்திரியாரின் கையைவிட்டுப் போய்விட்டன. பிறகு வந்த பதிப்புகளில் புத்தகம் பெரிதானது. மதுரை, திருநெல்வேலி, யாழ்ப்பாணம் என்று கீர்த்தனை பரவியது. எந்தச் சாதியாரோடு ஒரே பாயில் உட்காரக்கூடாது என்று அவர் வாதாடினாரோ, அவர்களுடைய பிள்ளைகளே போர்டிங் பள்ளிகளில் ஒரே வரிசையில் உட்கார்ந்து அவருடைய பாட்டைப் பாடினார்கள். அவர்களில் பலர் ஆசிரியர்களாகவும் உபதேசியார்களாகவும் போதகர்களாகவும் ஆனார்கள். பாட்டில் அவர் சொன்ன கிருபைக்குச் சாதி இல்லை. எழுதியவர் வாழ்க்கையில் காணாததை அவருடைய பாட்டைப் பாடியவர்கள் கண்டார்கள்.

சாஸ்திரியார் 1864 ஜனவரி 24 அன்று தமது 89ம் வயதில் காலமானார். தன் பாட்டுகள் புத்தகமாகிச் சபைகளில் பாடப்படுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது ஓர் ஆறுதல்.

பின் வந்தவர்கள்

அவர் வெட்டிய வாய்க்காலில் பலர் தண்ணீர் பாய்ச்சினார்கள். நாகர்கோவில் பக்கத்தில் ஜான் பால்மர் கீர்த்தனைகள் இயற்றினார். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858ல் கிறிஸ்தவராகி, 1894ல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தை வெளியிட்டார். ஈரோட்டில் ஊழியம் செய்த பாப்லி என்ற ஆங்கிலேயர் கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்று, 1921ல் இந்திய இசையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கீர்த்தனை பாடி நற்செய்தி சொல்லும் முறையையும் அவர் வளர்த்தார். வந்தவர்கள் பாட்டைச் சொல்லிக்கொடுத்த காலம் போய், வந்தவர்களே பாட்டைக் கற்றுக்கொண்ட காலம் வந்தது.

பிறகு ஒலிநாடா வந்தது. கிடார், கீபோர்டு வந்தன. இளைஞர்கள் கை தட்டிப் பாடும் புதிய பாட்டுகள் வந்தன. ஒவ்வொரு முறையும் பெரியவர்கள், "இதெல்லாம் ஆராதனைக்கு ஏற்ற பாட்டா?" என்று கேட்டார்கள். கீர்த்தனை வந்தபோதும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது. இன்று கீர்த்தனையைக் காப்பாற்றவேண்டும் என்று சொல்பவர்கள், அது ஒரு காலத்தில் 25 வயது இளைஞன் கொண்டுவந்த புதுப்பாட்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முடிவாக...

பிரசங்கம் காதில் விழுந்து போய்விடும். பாட்டு வாயில் தங்கும். ஒரு பிள்ளை பொருள் தெரியாமல் பாடிய சரணத்தின் பொருள், இருபது வருடம் கழித்து ஒரு துக்க வீட்டில் அவனுக்குப் புரியும். பலர் ஊழியத்திற்கு வந்த கதையைக் கேட்டால் அதில் ஒரு பாட்டு இருக்கும்.

ஆனால் பாட்டு தானாக மனிதனைத் திருத்திவிடாது என்பதற்கும் இதே சாஸ்திரியார் சாட்சி. நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளை எழுதியவராலும் பக்கத்தில் நின்ற சகோதரனைச் சமமாகப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்துக்கொண்டு ஒரே கீர்த்தனையைப் பாடும் ஊர்கள் உண்டு. அந்தப் பாட்டைப் பாடி வளரும் இளைஞர்கள் அதன் ராகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறார்களா, பொருளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளப் போகிறார்களா? சாஸ்திரியார் விட்டுப்போன வேலை அங்கேதான் இருக்கிறது.